நான்காம் நூலைக் கைதூக்கித் தீர்ப்பளிக்காதீர்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழில் நூல் கலந்துரையாடல் நடத்திவரும் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் வரும் ஃபேன்டசித் தொடர்களைப் படித்துவிட்டு, அவற்றைத் தமிழில் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு நீங்கள் இடம் தருகிறீர்கள். அதற்கு நன்றி. இந்த மடல் ஒரு வேண்டுகோளோடு வருகிறது. தொடரின் முதல் நூலுக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குகிறோம். நான்காம், ஐந்தாம் நூல்கள் வரும்போது மட்டும் "பிடித்ததா, பிடிக்கவில்லையா" என்று கைதூக்கச் சொல்லி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் அடுத்த நூலுக்குப் போய்விடுகிறோம். பாதிப் பேர் சலிப்பு என்கிறார்கள், பாதிப் பேர் தொடரிலேயே சிறந்தது என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு முழுக் கூட்டம் வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

உதாரணத்துக்கு ஒரே நூலை எடுத்துக்கொள்கிறோம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் 2005-இல் வந்த நான்காம் நூல், 'எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்' (காகங்களுக்கு ஒரு விருந்து). வாசகர்களை இரண்டாகப் பிரித்த பிந்தைய நூல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பிரிந்ததற்கான காரணங்களை விரல்விட்டு எண்ணிக் காட்டவும் முடியும்.

குழப்பம் புத்தகத்தின் எண்ணிலேயே தொடங்குகிறது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிரிட்டன் பதிப்பு. அதன் பேப்பர்பேக்கில் மூன்றாம் நூலை 'ஸ்டீல் அண்ட் ஸ்னோ', 'பிளட் அண்ட் கோல்ட்' என்று இரண்டு புத்தகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் நூலும் 'டிரீம்ஸ் அண்ட் டஸ்ட்', 'ஆஃப்டர் த ஃபீஸ்ட்' என்று இரண்டாகிவிட்டது. ஆக, பெட்டித் தொகுப்பில் ஏழு புத்தகங்கள், தொடரில் ஐந்து நூல்கள். பெட்டியை வாங்கியவருக்கு "நாலாவது புத்தகம்" என்றால் மூன்றாம் நூலின் பிற்பாதி. தொடரிலேயே அதிக வேகமான பகுதி அது. அவர் "நாலாவது அருமை" என்பார். அமெரிக்கப் பதிப்பு வைத்திருப்பவர் "நாலாவது நகரவே இல்லை" என்பார். இருவரும் வேறு வேறு புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். தள்ளுபடி விற்பனைகளில் தனித்தனிப் பிரதிகளாக வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மூன்றாம் நூலின் முதல் பாதியை முடித்தவர், அதுவே முழு நூல் என்று எண்ணி நேரே நான்காம் நூலுக்கு வந்துவிடலாம். இடையில் நடந்த மரணங்கள் எதுவும் தெரியாமல் படித்தால் நான்காம் நூல் புரியாது. எனவே கூட்ட அறிவிப்பில் எண்ணைப் போடாமல் நூலின் பெயரைப் போடுங்கள். பெயருக்குக் கீழே "மூன்றாம் நூலின் இரண்டு பகுதிகளையும் முடித்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

அடுத்தது, யார் இல்லை என்ற பேச்சு. முதல் நூலில் முன்கதையைத் தவிர்த்தால் எட்டுப் பேரின் கண்வழியாகக் கதை நகர்கிறது. அந்த எட்டுப் பேரில் நான்காம் நூலில் நோக்குப் பாத்திரமாக வருபவர்கள் இருவர் மட்டுமே: ஆர்யா, சான்சா. ஆளுக்கு மூன்று அத்தியாயம். முன்கதையோடு சேர்த்து நூலில் 46 அத்தியாயங்கள். அவற்றில் ஆறு. அந்த ஆறிலும் பாதிக்குத் தலைப்பு வேறு: சான்சாவின் இரண்டு அத்தியாயங்கள் 'அலேன்' என்ற பெயரிலும், ஆர்யாவின் கடைசி அத்தியாயம் 'கேட் ஆஃப் த கேனால்ஸ்' என்ற பெயரிலும் வருகின்றன. அந்த எட்டில் அடங்கிய டிரியன், டெனெரிஸ், ஜான் ஸ்னோ மூவருக்கும் ஓர் அத்தியாயம்கூட இல்லை. செர்சிக்குப் பத்து, பிரியெனுக்கு எட்டு, ஜேமிக்கு ஏழு. இந்த மூவர் மட்டும் 25 அத்தியாயங்களை எடுத்துக்கொள்கிறார்கள், அதாவது நூலில் பாதிக்கும் மேல். சாம்வெலுக்கு ஐந்து. கதையில் வரும் நிலப்பகுதிகளான இரும்புத் தீவுகளுக்கு ஐந்தும் டோர்னுக்கு நான்கும் போகின்றன.

டிரியனுக்காக மூன்றாம் நூலை மூடிவைத்துக் காத்திருந்த ஒருவர், 2005-இல் இந்த நூலைத் திறந்து, அடுத்த அத்தியாயத்தில் வருவான், அடுத்ததில் வருவான் என்று 46 அத்தியாயங்களைக் கடந்து, கடைசியில்தான் ஆசிரியர் குறிப்பைக் கண்டார். கதை பெருத்துவிட்டதால் இரண்டாகப் பிரித்தேன், காலவரிசைப்படி பிரிக்காமல் பாத்திரங்களின்படியும் இடங்களின்படியும் பிரித்தேன், மற்றவர்கள் அடுத்த நூலில் வருவார்கள் என்கிறது அந்தக் குறிப்பு. அடுத்த நூல் அடுத்த ஆண்டே வரும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. வந்தது 2011-இல். இந்த ஏமாற்றம் நியாயமானது. ஆனால் இது அந்தப் 46 அத்தியாயங்களின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. பிரித்த விதத்தைப் பற்றிய புகார் அது. கூட்டத்தில் இந்த இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிடுகிறோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய எளிய உதவி, அந்த ஆசிரியர் குறிப்பை முதலில் படித்துவிட்டுத் தொடங்கச் சொல்வது.

காத்திருப்பின் கனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றாம் நூல் 2000-இல் வந்தது, நான்காவது ஐந்தாண்டு கழித்து. மார்ட்டின் முதலில் கதைக்குள்ளேயே ஐந்தாண்டு இடைவெளி விட்டுத் தாண்ட எண்ணியிருந்தார். எழுதிப் பார்த்தபோது, தாண்டிய ஆண்டுகளில் நடந்ததைப் பின்னோக்கிச் சொல்லியே பக்கங்கள் தீர்ந்தன. அதனால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். தாண்ட நினைத்த காலத்தை நேரடியாக எழுதியதன் விளைவே இந்த நூலின் நிதானம். போர் முடிந்த நாட்டில் பிணங்களுக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இதன் பொருள். அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஐந்தாண்டு காத்திருந்தவர் எதிர்பார்த்தது அடுத்த பெரும்போர். மூன்றாம் நூலை வெள்ளிக்கிழமை முடித்துச் சனிக்கிழமை நான்காவதைத் தொடங்கியவருக்கு அந்த எதிர்பார்ப்பு அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை.

இதே நிலைமை 'த வீல் ஆஃப் டைம்' தொடரிலும் உண்டு. 2003 ஜனவரியில் வந்த பத்தாம் நூல் 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் டுவைலைட்'. ஒன்பதாம் நூலின் உச்சக்கட்டம் நடந்த அதே நாட்களில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலேயே அதன் பெரும்பகுதி போய்விடுகிறது. இரண்டு ஆண்டுக்கும் மேல் காத்திருந்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். இன்று பதினான்கு நூல்களையும் வரிசையாக அடுக்கிவைத்துப் படிக்கிறவருக்கு அது மெதுவான ஒரு நூல், அவ்வளவுதான். பதினொன்றாவது கையருகே இருக்கிறதே. ஆகவே ஒருவர் எந்த ஆண்டில் படித்தார் என்று தெரியாமல் அவருடைய நட்சத்திரங்களை எண்ணுவதில் பயனில்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிய அனுபவம் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரவாரம் வந்தது. முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள், ஐந்தாம் பாகத்தில் 91. அவ்வளவு எழுதியும், கதை சட்டென்று முடிந்துவிட்டது என்றும் இன்னார் பிறகு என்ன ஆனார் என்றும் வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரையில் அந்தக் கேள்விகளை எடுத்துவைத்துப் பதில் எழுதினார். வாரவாரம் காத்திருந்து வாசித்தவர்களும், ஐந்து பாகங்களையும் ஒரு பள்ளி விடுமுறையில் முடிப்பவர்களும் கடைசிப் பாகத்தைப் பற்றி ஒரே கருத்தைச் சொல்ல மாட்டார்கள். நம் கூட்டங்களில் கல்கியைப் பேசும்போது இந்த வேறுபாட்டுக்கு இடம் தருகிறோம். மார்ட்டினுக்கும் அதே பொறுமையைத் தரலாம்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் வழியாக வந்தவர்கள் தனிக் கூட்டம். 2015-இல் ஒளிபரப்பான ஐந்தாம் பருவம் நான்காம், ஐந்தாம் நூல்கள் இரண்டிலிருந்தும் எடுத்துக் கலந்தது. டோர்ன் இளவரசி அரியானே திரையில் இல்லவே இல்லை. இரும்புத் தீவுகளின் விக்டேரியனும் இல்லை. நூலில் முக்கியமான கதை இழைகள் இவை. திரையில் காணாதவர்களைப் பார்த்து "இவர்கள் எதற்கு, கதையை இழுக்கத்தானே" என்று நினைப்பது இயல்பு. அந்த எண்ணத்தைத் தவறு என்று வெட்டிவிடாமல், திரையைப் பார்க்காமல் வந்தவர் ஒருவரை அதே அத்தியாயத்தைப் பற்றிப் பேசவையுங்கள். இருவரும் எதிரெதிரே பேசும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இனி, உண்மையாகவே நூலின் எழுத்தைப் பற்றிய கருத்துவேறுபாடு. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கூட்டத்தில் அதிக நேரம் இதற்கே போக வேண்டும் என்றும் விரும்புகிறோம். நான்காம் நூலை இன்னும் திறக்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

பிரியெனின் எட்டு அத்தியாயங்கள்தான் பெரிய சர்ச்சை. அவள் சான்சாவைத் தேடி அலைகிறாள். சான்சா எங்கே இருக்கிறாள் என்பது மூன்றாம் நூல் முடிவதற்குள் வாசகருக்குத் தெரியும். பிரியென் போகும் திசை தவறு என்பதும் தெரியும். சத்திரம் சத்திரமாக நின்று, பதின்மூன்று வயது, நீலக் கண், செம்பழுப்புக் கூந்தல் என்று அதே அடையாளத்தைக் கேட்டுக்கொண்டே போகிறாள். தேடலில் பதற்றம் இல்லை, பலனும் இல்லை, இதை ஏன் எட்டு அத்தியாயம் படிக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. தேடுவது கிடைக்காது என்று தெரிந்துவிட்டதால் கண் தேடலைவிட்டு வழியோரத்துக்குத் திரும்புகிறது, எரிந்த ஊர்களும் தொங்கும் பிணங்களும் அநாதைகளும் அப்போதுதான் தெரிகின்றன என்பது மறுதரப்பு. ஐந்தாம் பிரியென் அத்தியாயத்தில் செருப்பில்லாமல் ஊர் ஊராக நடக்கும் ஒரு துறவி, போரில் மனம் உடைந்து ஓடிப்போன சிப்பாய்களைப் பற்றி நீளமாகப் பேசுவார். சலிப்பு என்று சொல்பவர்களும் அந்தப் பேச்சைப் பற்றி மட்டும் குறை சொல்வதில்லை. கூட்டத்தில் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்துவிட்டு, இது இந்த இடத்தில் வர முன்னால் இருந்த நான்கு அத்தியாயங்கள் தேவைதானா என்று கேளுங்கள். எங்கள் முடிவு: தேவை, ஆனால் எட்டு என்பதை ஆறாகச் சுருக்கியிருக்கலாம்.

செர்சியின் பத்து அத்தியாயங்களில் வேறு ஒரு சிக்கல். அவள் தன்னைத் தகப்பனுக்கு நிகரான அரசியல்வாதி என்று நம்புகிறாள். நாம் அவள் தலைக்குள் இருப்பதால் அவள் சொல்வதை எல்லாம் கதை சொல்லும் குரல் என்று எடுத்துக்கொண்டால் எரிச்சல்தான் வரும். ஒவ்வோர் அத்தியாயத்திலும் அவள் எடுக்கும் ஒரு முடிவை எழுதிக்கொண்டே வந்தால் நூல் வேறு உருவம் காட்டும்: யாரை ஆலோசனைச் சபையில் சேர்க்கிறாள், இரும்பு வங்கிக் கடனை ஏன் ஒத்திவைக்கிறாள், மதபீடத்துக்குப் படை வைத்துக்கொள்ள எதற்கு ஈடாக அனுமதி தருகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு நேர்வது எதுவும் வெளியிலிருந்து வரவில்லை, எல்லாம் அவள் கையெழுத்திட்டவை. இந்தப் பட்டியல் இல்லாமல் படித்தவரும் பட்டியலோடு படித்தவரும் ஒரே நூலைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றாது. வேகமாகப் படிப்பவர் சபை உறுப்பினர்களின் பெயர்களைத் தாண்டிப் போய்விடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

நூலில் குறையே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. அத்தியாயத் தலைப்பில் பெயருக்குப் பதில் 'தீர்க்கதரிசி', 'காவலர் தலைவர்' என்ற பொருளில் பட்டங்கள் வருவதால், யார் கண்வழியே பார்க்கிறோம் என்று தெரிய ஒரு பக்கமாவது பிடிக்கிறது. சில சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வந்து அலுக்கின்றன. சில இழைகள் அந்தரத்தில் நிற்கின்றன. இவை எழுத்தைப் பற்றிய நேர்மையான புகார்கள், இவற்றுக்குப் பக்க எண்ணோடு நேரம் கொடுக்க வேண்டும்.

நான்கையும் ஐந்தையும் கலந்து காலவரிசையில் படிக்கலாமா என்று உங்கள் புலனக் குழுக்களில் அடிக்கடி கேட்கிறார்கள். அப்படி அடுக்கிய பட்டியல்களை வாசகர்கள் தயாரித்து வைத்திருக்கிறார்கள். சாம்வெலும் ஜானும் பேசும் ஒரே உரையாடல், நான்காம் நூலில் சாம்வெலின் பக்கத்திலிருந்தும் ஐந்தாம் நூலில் ஜானின் பக்கத்திலிருந்தும் வருகிறது. இந்த இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது மிகுந்த இன்பம். ஆனால் முதல் வாசிப்புக்கு இந்த முறையைப் பரிந்துரைக்காதீர்கள். டோர்ன் இளவரசி தன் தகப்பனிடமிருந்து ஓர் உண்மையை அறியும் அத்தியாயம் நான்காம் நூலின் பிற்பகுதியில் இருக்கிறது. ஐந்தாம் நூலின் தொடக்கத்திலேயே வரும் ஓர் அத்தியாயம் அதைப் போட்டுடைத்துவிடும். அதேபோல், ஒருவரின் கதி பற்றி நான்காம் நூலில் அரசவைக்கு வரும் செய்தியை, ஐந்தாம் நூலோடு கலந்து படிப்பவர் சந்தேகமே இல்லாமல் எடைபோட்டுவிடுவார். அந்தத் திகில் போய்விடும். முதல் முறை தனித்தனியாக, இரண்டாம் முறை கலந்து. தனித்தனியாகப் படிப்பவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஐந்தாம் நூலில் 73 அத்தியாயங்கள், அவற்றில் 35 ஜான், டிரியன், டெனெரிஸ் மூவருக்கே. நான்காம் நூலில் விட்டுவந்த ஆர்யா, ஜேமி, செர்சி ஆகியோர் பாதியைத் தாண்டிய பிறகுதான் திரும்புகிறார்கள்.

கூட்டத்தை எப்படி நடத்தலாம் என்பதற்கு எங்கள் யோசனை இது. ஒரே மாலையில் முடிக்க முயலாமல் நான்கு மாதங்களுக்குப் பிரியுங்கள். 46 அத்தியாயங்களை நான்காகப் பிரித்தால் ஒரு கூட்டத்துக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது தாங்கும். எந்த அத்தியாயத்தோடு நிறுத்த வேண்டும் என்பதை அதன் தலைப்போடு அறிவியுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், மின்னூலில் எண்ணே இராது. முழுவதும் படித்து முடித்தவர்கள் அந்த எல்லைக்கு அப்பால் பேசக் கூடாது என்பதைக் கண்டிப்பாக வையுங்கள். "பின்னால் பாருங்கள்" என்று சிரிப்பதுகூட ஒரு துப்புதான்.

முதல் கூட்டத்தில் வாசலிலேயே ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றாம் நூலை முடித்து எவ்வளவு காலம் கழித்து இதைத் தொடங்கினீர்கள்? எந்தப் பதிப்பு, அல்லது ஒலிநூலா? தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தீர்களா, எதுவரை? ஒலிநூலைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான்காம் நூலின் முதல் ஒலிப்பதிவை வேறு ஒருவர் வாசித்திருந்தார், பிற்பாடுதான் தொடரின் வழக்கமான குரலிலேயே மறுபடியும் பதிவுசெய்தார்கள். பழகிய குரல் மாறியதால் பிடிக்காமல் போனவர்களும் உண்டு. சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தாலே, பாதி வாக்குவாதம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

பிறகு நால்வரிடம் நான்கு இழைகளைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் செர்சியின் முடிவுகளைக் குறிக்கட்டும். இன்னொருவர் பிரியெனின் பாதையை நூலின் வரைபடத்தில் பென்சிலால் வரையட்டும். இரும்புத் தீவுகள் ஒருவருக்கு, டோர்ன் ஒருவருக்கு. கடைசி இரண்டும் அத்தியாயங்கள் குறைந்து இடைவெளி அதிகமாக வருவதால் மறந்துபோகும், ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு நிமிடம் நினைவூட்டல் வேண்டும். நூலின் பின்னிணைப்பில் குடும்பப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அங்கேயே சில மரணங்களும் குறிப்பிடப்பட்டிருக்கும் என்பதால் முந்தைய நூல்களை முடிக்காதவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

புகார்களை எழுதும் பலகையில் மூன்று பத்தி போடுங்கள்: யார் இல்லை, வேகம் எப்படி, எழுத்து எப்படி. ஒவ்வொருவரும் தம் குறையை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று முடிவுசெய்யட்டும். முதல் பத்தி நிரம்பி வழியும், மூன்றாவது காலியாகக் கிடக்கும் என்பது எங்கள் கணிப்பு. அப்படி ஆனால் அந்தக் காலிப் பத்தியைப் பற்றியே இரண்டாம் கூட்டத்தைத் தொடங்குங்கள். மதிப்பெண் கேட்டே ஆக வேண்டுமென்றால் நான்காம் கூட்டத்தின் கடைசியில், இழைவாரியாக நான்கு மதிப்பெண் கேளுங்கள். இரும்புத் தீவுகளுக்கு இரண்டும் செர்சிக்கு ஐந்தும் தருகிறவரை "மூன்று நட்சத்திரம்" என்று எழுதிவைத்தால் அவர் சொன்னது எதுவும் மிஞ்சாது.

நூலகங்களோடு தொடர்புள்ள ஏற்பாட்டாளர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறோம். தொடர் நூல்களுக்கு நன்கொடை திரட்டும்போது முதல் நூலின் ஐந்து பிரதிகளை வாங்குவதைவிட, முழுத் தொடரின் இரண்டு வரிசைகளை வாங்குங்கள். நான்காவது இருந்து ஐந்தாவது இல்லாவிட்டால், 2005-இல் உலகமே அனுபவித்த அதே அரைகுறை நிலையில் வாசகரை நிறுத்திவிடுகிறோம், அதுவும் தேவையே இல்லாமல். பிரித்த பதிப்பாக இருந்தால் முதுகில் "3-1", "3-2" என்று ஒட்டுச்சீட்டு ஒட்டுங்கள்.

46 அத்தியாயங்களின் தலைப்பு, நோக்குப் பாத்திரம், இடம் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் பட்டியலிட்டு வைத்திருக்கிறோம். கதைமுடிச்சு எதுவும் அதில் இல்லை. எந்தக் குழு கேட்டாலும் அச்சிட்டுக் கொண்டுவந்து தருகிறோம், முதல் கூட்டத்தில் சீட்டுகளைப் பிரித்து எழுதவும் உதவுகிறோம். தேதியை மட்டும் முடிவுசெய்யுங்கள்.

அன்புடன்,
பிரிக்ஃபீல்ட்ஸ், ஜார்ஜ் டவுன் வாசகர்கள் சிலர்